மூக்கைத் துளைக்கும் வாடை எங்கிருந்து வருகிறது?

ஞாயிறு மாலை கூட்டுரிமை வீட்டு நீச்சல் குளத்தில் கண் எரிந்து வாடையும் தூக்கினால், குளோரினை அள்ளிக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் அங்கே குளோரின் போதவில்லை. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் சேர்மங்களோடு குளோரின் சேர்ந்து குளோரமின் ஆகிவிடுகிறது. வாடையும் எரிச்சலும் அதனால்தான். கிருமியைக் கொல்லும் வேகமோ அதற்கு மிகக் குறைவு. சிங்கப்பூரில் குழாய் நீரே குளோரமின் கலந்து வருவதால், குளத்தில் குறைந்த நீரை ஈடுகட்டும்போதும் அது கொஞ்சம் சேரும்.

சோதிக்க, நீர் பாய்ந்து வரும் துளைகளிலிருந்து தள்ளி, முழங்கை ஆழத்தில் 10 மில்லி நீர் எடுங்கள். குளோரின் சோதனைக்கான டிபிடி 1 மாத்திரையைக் கரைத்தால் வரும் இளஞ்சிவப்பு, வேலை செய்யக்கூடிய தனிக் குளோரினைக் காட்டும். அதே நீரில் டிபிடி 3 போட்டால் மொத்த அளவு தெரியும். நிறம் பளிச்சென்று தோன்றி உடனே வெளுத்தால் ஏமாறாதீர்கள்: குளோரின் மிக அதிகம் என்று பொருள்.

தனிக் குளோரின் 1.0, மொத்தம் 1.8 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்) என்றால் வித்தியாசமான 0.8தான் குளோரமின். அதை உடைக்கப் பத்து மடங்கு, அதாவது 8 பிபிஎம் தேவை. 100 கன மீட்டர் குளத்துக்கு 800 கிராம். லிட்டருக்கு 100 கிராம் குளோரின் உள்ள திரவத்தில் 8 லிட்டர். பாதி ஊற்றினால் வாடை இன்னும் மோசமாகலாம். குளத்தை மூடிய பிறகு, இரவில், பம்பை ஓடவிட்டுச் செய்யுங்கள்.

நீர் அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவை விட்டுவிட்டால் இத்தனையும் வீண். 7.2இல் தனிக் குளோரினில் மூன்றில் இரு பங்கு கிருமிநாசினி வடிவில் இருக்கும், 8.0இல் நான்கில் ஒரு பங்குதான். டிசம்பர் பருவமழை கொட்டினால், பிஎச்சை நிலையாகப் பிடித்துவைக்கும் காரத்தன்மை நீர்த்து, பிஎச் நிலையில்லாமல் ஆடும். காரத்தன்மையை 80 முதல் 120 பிபிஎம்முக்குள் வையுங்கள். 10 பிபிஎம் உயர்த்த 100 கன மீட்டருக்குச் சமையல் சோடா 1.7 கிலோ போதும்.

நம் வெயிலில் பாதுகாப்பில்லாத குளோரின் சில மணி நேரத்தில் கரைந்துபோகும். வெயிலிலிருந்து அதைக் காக்கும் சயனூரிக் அமிலம் 30 முதல் 50 பிபிஎம் இருந்தால் தாங்கும். குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்த டிரைகுளோர் மாத்திரை ஒவ்வொன்றும் அந்த அமிலத்தைக் கூட்டிக்கொண்டே போகும். மிஞ்சினால் குளோரின் மந்தமாகும். அப்போது நீரில் ஒரு பகுதியை இறைத்துவிட்டுப் புதுநீர் விடுவதே வழி.

அமிலமும் திரவக் குளோரினும் ஒரே வாளியைத் தொடக்கூடாது. நச்சு வாயு கிளம்பும். டிரைகுளோரையும் இன்னொரு வகைக் குளோரின் மருந்தான கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் கலந்தால் தீப்பற்றும். அமிலத்தை நீரில் ஊற்றுங்கள், நீரை அமிலத்தில் அல்ல.