வரவு: ஆள் வந்தால் காசு வருமா?

இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலுக்குப் பக்கத்து அறுகம் குடாவில் இருக்கிற உல்லையில் என் மச்சானுக்கு நாலு அறை இருக்கிறது. சீசனுக்கு வாடகைக்கு விடுவான். வாசலில் பலகை ஒன்று, 'நல்வரவு' என்று. உள்ளே மேசையில் ஒரு கொப்பி, இடப்பக்கம் 'வரவு', வலப்பக்கம் 'செலவு'. பலகையில் இருக்கிற வரவு ஆள் வருவது. கொப்பியில் இருக்கிற வரவு காசு வருவது. ஓகஸ்ட் மாதத்தில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். நவம்பர் பிறந்தால் கொப்பி மூடிக் கிடக்க, பலகை மட்டும் மழையில் நனைந்துகொண்டு நிற்கும்.

இந்த இரண்டு வரவையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தச் சொல்லை எடுத்தேன். ஒவ்வொரு மாதமும் பத்திரிகையில் வருகிற 'டூரிஸ்ட் அரைவல்ஸ்' கணக்கைச் சொல்கிறேன். தமிழில் 'உல்லாசப் பயணிகளின் வருகை' என்றும் 'சுற்றுலாப் பயணிகளின் வருகை' என்றும் எழுதுகிறார்கள்.

முதலில் 'அரைவல்'. லத்தீனில் 'ரீப்பா' என்றால் கரை. கரையைத் தொடுவதைக் குறித்த ஒரு வினை அதிலிருந்து பிறந்து, பிரெஞ்சில் 'அரிவே' ஆகி, ஆங்கிலத்துக்குப் போனது. கப்பலில் வந்தவன் நிலத்தில் கால் வைப்பதுதான் ஆதிப்பொருள். கடலோரத்துச் சனமான எங்களுக்கு இது புதிதில்லை. 'கரை சேர்ந்தான்' என்று நாங்களும் சொல்கிறோம். என்ன, எங்கள் பேச்சில் கரை சேர்ந்தவன் கஷ்டம் தீர்ந்தவனும்தான்.

'டூர்' இன்னும் சுவையானது. கிரேக்கத்தில் 'டோர்னோஸ்' என்பது வட்டம் போடவும் கடையவும் தச்சன் வைத்திருந்த கருவி. அது லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்து 'டூர்' ஆனபோது சுற்று, சுழற்சி என்று பொருள் கொண்டது. ஆகவே 'சுற்றுலா' என்ற சொல்லை ஆக்கியவர் முதல் பாதியைக் கச்சிதமாகப் பிடித்துவிட்டார். இரண்டாம் பாதியான 'உலா' அதற்கு மேலே வைத்த அழகு. உலாவுதல், அவசரமில்லாமல் நடத்தல். அரசனோ இறைவனோ வீதியில் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்களும் பார்த்து மயங்குவதைப் பாடும் சிற்றிலக்கியத்துக்கும் உலா என்றுதான் பெயர். அங்கே ஊர் பார்க்கும், உலா வருகிறவர் பார்க்கப்படுவார். அறுகம் குடாவில் கடல் அலைகளில் சறுக்க வந்தவர்கள் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவதை மதகில் குந்தியிருந்து பார்க்கிற எங்கள் பொடியன்களுக்கு இந்த இலக்கணம் நன்றாகவே பொருந்தும்.

இலங்கைத் தமிழில் நெடுங்காலம் ஓடியது 'உல்லாசப் பிரயாணம்', 'உல்லாசப் பயணி' என்பவைதான். உல்லாசம் வடசொல், ஒளிர்தல், களித்தல் என்ற பொருளில் இருந்து வந்தது. பிரயாணமும் வடசொல், பயணம் அதன் பிராகிருத வழித் தேய்வு. கேட்க இனிமைதான். ஆனால் உல்லாசம் என்றவுடன் கண்ணில் வருவது கடற்கரையில் வெயில் காய்கிற வெள்ளைக்காரர் மட்டுமே. கணக்கெடுக்கிறவர்களின் வரைவிலக்கணமோ அப்படியில்லை. வழக்கமாகப் புழங்குகிற இடத்தை விட்டு, ஒரு வருடத்துக்குள் திரும்புகிற எண்ணத்தோடு, போன இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்க்காமல், ஓர் இரவாவது தங்குகிறவர் எவரும் சுற்றுலாப் பயணிதான். உறவைப் பார்க்கப் போனாலும், கூட்டத்துக்குப் போனாலும், கோயிலுக்குப் போனாலும் சரி. இரவு தங்காதவர் ஒருநாள் வருகையாளர்.

அப்படியானால் தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில் தொடங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று நடந்து வந்து, பொத்துவில் தாண்டி உகந்தை மலையடியில் படுத்தெழும்பி, குமண, யால காடு வழியாகக் கதிர்காமம் போகிற என் பெரியம்மாவும் சுற்றுலாப் பயணிதான். சொன்னால் அடிக்க வருவா. 'நான் நேத்திக்கடனுக்குப் போறன் மனே, உல்லாசத்துக்கா போறன்?' அவவின் கோபம் நியாயம், வரைவிலக்கணமும் நியாயம். உல்லாசப் பயணி என்ற சொல்தான் பிழை. சுற்றுலா என்பதில் நோக்கம் ஒட்டிக்கொள்ளவில்லை, அதனால் அதையே வைத்துக்கொள்வோம். 'சுற்றுலாப் பயணம்' என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம். சுற்று, உலா, பயணம் என்று மூன்று தரம் நடந்தால் கால் வலிக்கும்.

இப்போது வரவுக்கு வருகிறேன். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஒரு வரி: 'செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்'. அங்கே செலவு என்றால் போதல், வரவு என்றால் வருதல், தரவு என்றால் தருதல். இன்றைக்கு அதே வரியை வங்கியில் இருப்பவரிடம் வாசித்துக் காட்டினால் செலவு காசு போவது, வரவு காசு வருவது, தரவு புள்ளிவிபரம், கொடை நன்கொடை என்பார். ஒரு சுற்றுலா அறிக்கைக்கு வேண்டிய நாலு தலைப்பும் அதற்குள் கிடக்கிறது. சங்கப் பாட்டில் தலைவன் 'செலவு' என்றால் பயணம். பயணம் போனால் காசும் போகும் என்பதால் பொருள் நகர்ந்ததோ என்னவோ, 'செல்லாக்காசு' என்கிறபோது காசுக்கும் கால் முளைத்துவிடுகிறது.

அந்த வரியைத் தொடர்ந்து வருகிற விதிதான் எனக்கு முக்கியம். தருசொல்லும் வருசொல்லும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியன என்கிறது. என்னிடம் வந்தான், உன்னிடம் வந்தான் என்பதுதான் வழக்கு. அவனிடம் என்றால் சென்றான். அதாவது 'வருகை' என்ற சொல் சொல்கிறவர் நிற்கிற இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் கடவுச்சீட்டில் முத்திரை விழும்போது நாட்டுக்கு ஒருவர் வந்துவிட்டார். பொத்துவிலில் இருந்து பார்த்தால் அவர் இன்னும் வரவில்லை. ஏழெட்டு மணித்தியாலப் பாதை கிடக்கிறது. இடையில் சிகிரியா, கண்டி, எல்ல என்று சுற்றுலா ஊர்கள் இருக்கின்றன. எல்லவில் இருந்து மொனறாகலைப் பக்கம் திரும்பாமல் தெற்கே காலிக்கு இறங்கிவிட்டால் எங்களுக்கு அவர் வராதவரே.

இலங்கை உல்லாசப் பயணத்துக்கென்று சபை அமைத்த 1966இல் வந்தவர்கள் 18,969 பேர். போர் முடிந்த 2009இல் 447,890. 2018இல் 2,333,796, அதுவரை இல்லாத உச்சம். அந்த ஆண்டு வருமானம் 438 கோடி டொலர் என்றார்கள். இந்தத் தொகையை யாரும் நோட்டாக எண்ணியதில்லை. ஒருவர் சராசரியாகத் தங்கிய நாள் 10.8, ஒரு நாளுக்குச் சராசரிச் செலவு 173.8 டொலர், தலை எண்ணிக்கையோடு இந்த இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், விடை அதுவேதான். தங்கும் நாளும் நாட்செலவும் மாதிரிக் கணிப்பில் கிடைப்பவை, தலை எண்ணிக்கை மட்டுமே முத்திரை குத்தி எண்ணியது. 2024இல் 2,053,465 பேர் வந்தார்கள். 2018இன் 88 வீதம். வருமானமோ 317 கோடி டொலர், 72 வீதம். அந்த ஆண்டில் ஆள்வரவு ஏறக்குறைய மீண்டுவிட்டது, காசுவரவு பின்தங்கி நின்றது.

கிழக்குக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நாட்டின் பெரிய சீசன் டிசம்பர் முதல் மார்ச் வரை. அப்போது இங்கே வாடைக்காற்றும் மழையும், மாரி வெள்ளாமை தண்ணீரில் நிற்கும். எங்களுக்கு மே முதல் ஒக்டோபர் வரை, கச்சான் வீசுகிற காலம். (கச்சான் என்றால் எங்களுக்குக் காற்றும்தான், நிலக்கடலையும்தான். சறுக்க வருகிறவர்கள் 'பீனட் ஃபாம்' என்று பெயர் வைத்திருக்கிற முனைக்கு யாராவது 'கச்சான் தோட்டம்' என்று பலகை எழுதினால் இரண்டு கச்சானும் அதற்குள் அடங்கும்.) ஆக, நாடு முழுவதற்குமாக மே மாதம் மெலிந்த மாதம், எங்களுக்கு அது கதவு திறக்கிற மாதம். 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் உட்படப் பல இடங்களில் குண்டுகள் வெடித்தன. அடுத்த மாதம் நாட்டுக்கு வந்தவர்கள் 37,802. முந்தைய மே மாதத்தில் 129,466. தென்பகுதிக்குச் சீசன் முடிந்து கணக்கு மூடியிருந்தது. எங்களுக்குக் கொப்பியின் முதல் பக்கமே கிழிந்தது. ஆண்டு மொத்தத்தில் அது பதினெட்டு வீத வீழ்ச்சி என்றுதான் பதிவாகியிருக்கிறது.

சரி, ஆள் பாசிக்குடாவுக்கோ அறுகம் குடாவுக்கோ வந்தே விட்டார் என்று வையுங்கள். அவர் கொடுத்த காசு ஊரில் நிற்குமா? இதற்குப் பொருளியலில் ஒரு சொல் உண்டு, 'லீக்கேஜ்'. 'கசிவு' என்று தமிழாக்குகிறார்கள், நல்ல ஆக்கம். வாய்க்காலில் தண்ணீர் வயலைச் சேர முதலே ஊறிப்போவதைப் பார்த்த எவருக்கும் விளங்கும். அறையை இணையத்தில் பதிவு செய்தால் தரகு 15 வீதமளவில் வெளிநாட்டுக்குப் போகிறது. மரக்கறி தம்புள்ளையில் இருந்து வருகிறது. பெரிய ஹோட்டலின் இலாபம் முதலாளி இருக்கிற ஊருக்குப் போகிறது. ஊரில் தேங்குவது மீன்காரன், ஓட்டோக்காரன், உடுப்புத் தோய்க்கிறவ, கொத்துரொட்டிக் கடை, களப்பில் தோணி விடுகிறவர் கைகளில். நாலு அறைக்காரரிடம் கசிவு குறைவு, ஆனால் வரவும் சிறிது.

எனவே என் தீர்ப்பு: எண்ணிக்கைக்கு 'வருகை', காசுக்கு 'வருவாய்' என்று பிரித்தே எழுதலாம். 'வரவு' இரண்டையும் சேர்த்துச் சொல்கிற சொல். பாட்டுக்கு நல்லது, அறிக்கைக்குச் சரிவராது. பயணியோ ஒருநாள் ஆளோ, எல்லோரையும் சேர்த்து 'வருகையாளர்' என்று சொல்லலாம். 'அறுகம்பே' என்று எழுதுகிறவர்கள் 'பே' என்ற ஆங்கிலச் சொல்லும் குடா என்பதும் ஒன்றே என்று அறிந்து, பாசிக்குடா மாதிரி 'அறுகம் குடா' என்றே எழுதட்டும்.

ஒரு சொல் மட்டும் இன்னும் வசமாகவில்லை. ஒருவர் ஓர் அறையில் ஓர் இரவு தங்கினால் அது ஓர் அலகு. 'விருந்தினர் இரவு' என்று மொழிபெயர்த்தால் ஏதோ கலைநிகழ்ச்சி போல இருக்கிறது. 'தங்கிரவு' என்று எழுதிப் பார்த்தேன், பரவாயில்லை. மச்சானிடம் கேட்டேன். 'ஆள எண்ணி என்ன மச்சான், ராவ எண்ணணும்' என்றான். அவன் கொப்பியில் வரவுக்கும் செலவுக்கும் நடுவில் பென்சிலால் ஒரு கோடு கீறி, மேலே 'ரா' என்று ஒற்றை எழுத்துப் போட்டிருக்கிறான்.