வேலைக்கு எடுத்த எக்ஸ்ரேயில் 'நிழல்' என்றால்: படத்தை விட்டுவிட்டு வராதீர்கள்

மேலூர் பக்கத்துப் பையன், வயது 20. மில் வேலைக்கு எடுத்த எக்ஸ்ரேயில் 'நிழல் தெரியுது' என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போனபோது அவன் தட்டையும் டம்ளரையும் அம்மா திண்ணையில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார். சளியில் டிபி கிருமி இல்லை. எப்போதோ வந்து ஆறிய தழும்பு என்று நெஞ்சுநோய் டாக்டர் எழுதிக் கொடுத்தார். அதற்குள் வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது.

எக்ஸ்ரே சந்தேகத்தைத்தான் கிளப்பும். டிபியா என்று பார்க்கச் சளிப் பரிசோதனை வேண்டும். மதுரை இராசாசி மருத்துவமனை, தோப்பூர் நெஞ்சக நோய் மருத்துவமனை, தாலுகா ஆஸ்பத்திரி என்று அரசு இடங்களில் அது இலவசம்.

அலைச்சல் படத்திலேயே ஆரம்பிக்கும். எக்ஸ்ரே சென்டரில் கேட்டால் 'காசு கட்டினது கம்பெனி, அங்க கேளுங்க' என்பார்கள். கம்பெனியில் 'சென்டர்ல கேளுங்க'. ஆகவே எடுத்த அன்றே படத்தையும் ரிப்போர்ட்டையும் கேளுங்கள். தராவிட்டால் பெயரும் தேதியும் தெரியும்படி போனிலாவது எடுத்துக்கொள்ளுங்கள். ஓ.பி.யில் 'வேலைக்குச் சான்று வேணும்' என்று தொடங்கினால் வேறு வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள். 'படத்துல நிழல் இருக்கு, சளி பார்க்கணும்' என்று சொல்லுங்கள். கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தாலும் பெண்கள் எக்ஸ்ரே அறையிலேயே சொல்லிவிட வேண்டும்.

டிபி என்று உறுதியானால் மருந்து இலவசம், பெரும்பாலும் 6 மாதம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 நவம்பருக்கு முன் அது 500. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தனியார் டாக்டரிடம் மருந்து சாப்பிட்டாலும் பணம் உண்டு, ஆனால் நிக்ஷய் என்ற அரசின் டிபி பதிவில் பெயர் இருந்தால்தான். 'நிக்ஷய் நம்பர் என்ன?' என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்கள். பேங்க் கணக்கு முடங்கிக் கிடந்தாலும் பணம் நின்றுபோகும். 'வரும், வரும்' என்பதைக் கேட்டுத் திரும்ப வேண்டாம், 1800-11-6666 இலவச எண்ணில் நிக்ஷய் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். மருந்து முடியும் அன்றே சிகிச்சை முடிந்த சான்றை வாங்கிவிடுங்கள். ஒரு வருஷம் கழித்துப் போனால் அங்கே உங்களைத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

வளைகுடா நாடுகளுக்கு இந்தச் சான்று உதவாது. ஆறிய டிபி தழும்பு இருந்தாலும் 'அன்ஃபிட்' என்பது அவர்கள் விதி. நகையை அடகு வைத்து ஏஜென்டுக்குக் கொடுக்குமுன் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கல்குவாரிக்குப் போகிறவர்களுக்கு இந்த முதல் படம்தான் சாட்சி. கல்தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய், சட்டப்படி இழப்பீடு கேட்கக்கூடிய தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் பத்து வருஷம் கழித்து மூச்சு வாங்கும்போது 'வரும்போதே இருந்தது' என்பார்கள். சேர்ந்த அன்று நுரையீரல் சுத்தமாக இருந்ததைக் காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? முஸ்டர் ரோலில் (வேலையாட்கள் வருகைப் பதிவேட்டில்) பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெயர் இல்லாதவரை 'நம்ம ஆளே இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். அசல் படம் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். யார் கேட்டாலும் நகல் மட்டும் கொடுங்கள்.