லண்டன் தமிழ்ப் பெற்றோரும் ஓட்டிசமும்: பெற்றோர் ஆதரவுக் குழு நடத்துவோருக்கு

இங்கிலாந்தில் ஓட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் தமிழ்த் தாய்க்கு, அதே வழியால் முன்பே போய்வந்த இன்னொரு தாய்தான் பெரிய துணை. கவுன்சில் கடிதத்தில் எந்தத் திகதியைப் பார்க்கவேண்டும் என்று அவர் காட்டிக் கொடுப்பார். சொந்தக்காரரின் ஆறுதலால் அது முடியாது.

இப்படிப்பட்ட பெற்றோர் ஒன்றுகூடும் ஆதரவுக் குழுவில் ஆறு முதல் எட்டுக் குடும்பம் போதும். கோயில் மண்டபம் வேண்டாம். யார் வந்தார்கள் என்பது மறுநாளே ஊர்க்கதையாகிவிடும். நூலக அறை நல்லது. நேரம் காலை பத்து மணி, பிள்ளைகள் பாடசாலையில் இருக்கும்போது. இரவு வேலை செய்யும் தந்தையருக்கு மாதம் ஒருமுறை ஸூம். வட்ஸ்அப்பில் கூட்டத் திகதி மட்டும் போகட்டும், பிள்ளையின் அறிக்கையைப் படமெடுத்துப் போடக்கூடாது.

ஈ.எச்.சி. திட்டத்துக்கு (பிள்ளைக்கு வேண்டிய விசேட கல்வி உதவியைக் கவுன்சில் எழுதித் தரும் சட்டபூர்வத் திட்டம்) பாடசாலைதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று பலர் ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கிறார்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோரே கவுன்சிலுக்கு எழுதலாம். நோய்நிர்ணயம் கையில் இருக்கவேண்டும் என்றும் இல்லை. மதிப்பீடு செய்வதா என்று 6 வாரத்துக்குள் பதில் வரவேண்டும், இறுதித் திட்டம் 20 வாரத்துக்குள். வரைவு வந்தால் கருத்துச் சொல்லக் குறைந்தது 15 நாள். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு, கடிதத் திகதியிலிருந்து 2 மாதம் அல்லது மத்தியஸ்தச் சான்றிதழிலிருந்து 1 மாதம், எது பிந்தியதோ அது.

டி.எல்.ஏ. (கூடுதல் பராமரிப்பு வேண்டிய பிள்ளைக்கு அரசு தரும் உதவிப்பணம்) படிவத்தில்தான் நம்மவர்கள் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். "சாப்பிட உதவி வேண்டுமா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதிவிடுவார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தாய் சோறு குழைத்து ஊட்டுவது நம் வீட்டில் உதவிக் கணக்கில் வராதே! படிவம் ஒப்பிடுவது அதே வயதுப் பிள்ளையோடு. ஆகவே ஒரு வாரம் குறிப்பெடுக்கச் சொல்லுங்கள்: பல் தீட்ட எத்தனை நிமிடம், இரவில் எத்தனை தரம் எழும்பினான், தெருவில் கையை உதறிக்கொண்டு ஓடினானா. படிவத்தைத் தொலைபேசியில் கேட்டு 6 வாரத்துக்குள் அனுப்பினால், அழைத்த நாளிலிருந்து பணம் கணக்காகும். ஒன்று கவனம்: பொதுநிதி பெறத் தடையுள்ள விசாவில் இருப்பவர்கள் குடிவரவு ஆலோசனை இல்லாமல் டி.எல்.ஏ. கேட்கக்கூடாது. ஈ.எச்.சி. திட்டம் அந்தத் தடைக்குள் வராது.

பால், கோதுமையை நிறுத்தினால் சுகமாகும், உடலில் உள்ள உலோகத்தை இறக்கினால் பேச்சு வரும் என்று யாராவது ஒருவர் கொண்டுவருவார். ஓட்டிசத்துக்கு இவை இரண்டையும் செய்யவேண்டாம் என்பது நைஸ் (சிகிச்சைகளுக்கு வழிகாட்டி எழுதும் இங்கிலாந்து அரச அமைப்பு) வழிகாட்டி. குழு நடத்துபவர் அதை அங்கேயே சொல்லவேண்டும். மரியாதைக்காகச் சும்மா இருந்தால் அடுத்த கூட்டத்தில் மூன்று பேர் மருந்து வாங்கியிருப்பார்கள். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்லும் அறிவுரையும் அப்படித்தான். இருமொழி ஓட்டிசத்தைக் கூட்டுகிறது என்பதற்கு ஆய்வில் ஆதாரம் இல்லை.

பாடசாலைக் கூட்டத்துக்கு மூத்த பிள்ளையை உரைபெயர்க்கக் கூட்டிப்போக வேண்டாம். உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். வருபவர் தெரிந்த முகமாக இருப்பார் என்ற தயக்கம் இருந்தால், வேறு நகரத்திலிருந்து தொலைபேசி வழியாகப் பேசுபவரைக் கேட்கலாம்.