கொமடோர் 64 ஒரு நேரம் எழுந்து ஒரு நேரம் எழாவிட்டால், முதலில் அடாப்டரைப் பிடுங்குங்கள்

மறுபடியும் அதே கோளாறுதான் மேசைக்கு வந்திருக்கிறது. பத்துத் தடவை போட்டால் ஏழு தடவை நீலத் திரை (சரியாக எழுந்ததற்கு அடையாளம்) காட்டிக்கொண்டிருந்த, 1980களின் வீட்டுக் கணினியான ஒரு கொமடோர் 64. பழைய கெப்பாசிட்டர்தான் காரணம் என்று யாரோ சொல்ல, போர்டிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் அத்தனையையும் கழற்றிப் புதிது போட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் ஓடியதாம். மூன்றாம் நாள் கறுப்புத் திரை. எட்டு மெமரி ஐசியில் ஐந்து காலி. போதாக்குறைக்கு, அதிகச் சூட்டில் இரண்டு இடத்தில் செம்புத் தடமும் பெயர்ந்திருக்கிறது. இத்தனைக்கும் காரணமான அடாப்டர் மேசைக்கடியில் கிடந்திருக்கிறது. அதில் ஒருவரும் மீட்டர் வைத்துப் பார்க்கவில்லை.

தயவுசெய்து இதைப் புரிந்துகொள்ளுங்கள். கெப்பாசிட்டர் மாற்றுவது இந்த இயந்திரத்துக்கு முதல் வைத்தியம் அல்ல. பெரும்பாலும் அது வைத்தியமே அல்ல. இந்தப் பழக்கம் கொமடோரின் பிற்காலக் கணினியான அமிகாவிலிருந்து வந்தது. அமிகா 600, 1200, 4000 ஆகியவற்றில் 1990களின் தொடக்கத்தில் போட்ட சர்ஃபேஸ் மவுண்ட் (போர்டின் மேற்பரப்பிலேயே ஒட்டும்) கெப்பாசிட்டர்கள் நிஜமாகவே ஒழுகும், ஒழுகிப் போர்டை அரிக்கும். அங்கே மாற்றியே ஆகவேண்டும். 1982இல் விற்பனைக்கு வந்த கொமடோர் 64இல் இருப்பவை துளைவழி இறங்கும் பழைய ரகம். அவை ஒழுகுவது அபூர்வம். காய்ந்துபோனால் படத்தில் பட்டை ஓடும், ஒலியில் இரைச்சல் வரும். போட்டதும் ஒரு தடவை எழுவது, மறு தடவை எழாதது என்பதற்கு அவை காரணமாக இருப்பது அரிது. ரீசெட் டைமர் (போட்டதும் கணினியைத் தொடக்கத்திலிருந்து ஓடவைக்கும் ஐசி) பக்கத்தில் இருக்கும் ஒன்று மட்டும் விதிவிலக்கு, அதைப் பிறகு சொல்கிறேன். போர்டிலுள்ள கெப்பாசிட்டர் அத்தனையையும் மாற்றினாலும் அடாப்டருக்குள் இருந்து வோல்டேஜை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர் மாறாது. ஈயம் வைத்துப் பழகாத கை அந்தப் போர்டில் இருபது இடத்தில் சூடு வைத்தால், பழைய கோளாறோடு புதிய கோளாறும் சேரும். அப்புறம் எது பழையது, எது புதியது என்று பிரிக்கவே ஒரு நாள் போய்விடும்.

இப்போது அடாப்டர். இரண்டு மின்சாரம் தருகிறது: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. கறுப்பாக, சரிவான முதுகோடு, செங்கல் கனத்தில் இருக்கும் ரகத்தில் உள்ளே முழுக்க ரெசின் ஊற்றி மூடியிருப்பார்கள். திறக்க முடியாது, பழுது பார்க்க முடியாது. உள்ளிருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டருக்குச் சூடு வெளியேற வழியில்லை. ஆண்டுக்கணக்கில் வெந்து, ஒரு நாள் கட்டுப்பாட்டை விட்டுவிடுகிறது. அப்போது வெளியே வருவது 5 அல்ல. 6, 7, அதற்கும் மேல். மெமரி ஐசிகள் தாங்கும் உச்சம் 7 வோல்ட்.

“மீட்டரில் பார்த்தேன், 5.1 இருந்தது” என்பார்கள். லோடு (மின்சாரத்தை இழுக்கும் சுமை) இல்லாமல், சூடேறும் முன், அரை நிமிடம் பார்த்த கணக்கு அது. இப்படிப் பாருங்கள்: அடாப்டரைக் கணினியில் செருகாதீர்கள். 4.7 ஓம், 10 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை 5 வோல்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே கட்டுங்கள். ஏழு முள் பிளக்கில் 5ஆம் முள் பிளஸ், 2ஆம் முள் கிரவுண்ட். 6, 7 இரண்டும் 9 வோல்ட் ஏசி, அவற்றின் பக்கம் வயர் போகக் கூடாது. சுமார் 1 ஆம்பியர் இழுக்கும். கணினியும் ஏறத்தாழ அவ்வளவுதான் இழுக்கிறது. ரெசிஸ்டர் கை வைக்க முடியாத அளவு சுடும், ஓட்டுத் துண்டின் மேல் வையுங்கள். ஒரு மணி நேரம் விட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை மீட்டரைப் பாருங்கள். 4.75க்கும் 5.25க்கும் நடுவே அசையாமல் நிற்க வேண்டும். 5.2ஐத் தொட்டு ஏறிக்கொண்டே போனால் அந்த அடாப்டரைத் தூக்கி வையுங்கள். இன்றைக்குத் தேறினாலும் அடுத்த மாதத்துக்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே புதிய அடாப்டர் வாங்குவதோ, 5.5 வோல்டைத் தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்புப் பெட்டியை நடுவில் போடுவதோதான் வழி. அமெரிக்காவிலிருந்து வந்த அடாப்டரானால் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 117 வோல்டுக்கானதை நம் ஊர் 230இல் செருகி எரித்தவர்கள் ஏராளம்.

அடாப்டர் தேறிவிட்டதா? அடுத்து பவர் சுவிட்ச். இதை யாரும் நினைப்பதே இல்லை. 5 வோல்ட் முழுவதும் அந்தச் சின்னச் சுவிட்ச் வழியாகத்தான் உள்ளே போகிறது. நாற்பது வருடத் தூசியும் துருவும் அதன் தொடுமுனையில் படிந்திருக்கும். பிளக்கில் 5.0, ஐசி காலில் 4.6 என்று காட்டினால் விஷயம் அதுதான். ஒரு நேரம் எழுவதும் ஒரு நேரம் எழாததும் இங்கேதான் அதிகம் பிறக்கிறது. மின்சாரத்தை எடுத்துவிட்டு, கான்டாக்ட் கிளீனரைச் சுவிட்ச் இடுக்கில் அடித்து, இருபது முப்பது தடவை மேலும் கீழும் ஆட்டுங்கள். அதற்குப் பிறகும் சுவிட்சின் இரு பக்கத்துக்கும் 0.1 வோல்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மாற்றிவிடுங்கள். பக்கத்திலேயே இருக்கும் பவர் சாக்கெட்டின் அடியிலுள்ள ஈயத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். முள்ளைச் சுற்றி மயிரிழை வளையமாக விரிசல் தெரியும். புது ஈயம் கொஞ்சம் விட்டால் போதும்.

இனித் திரையைப் படிக்க வேண்டும். டிவி “சிக்னல் இல்லை” என்று சொல்வதும், சிக்னல் வந்து கறுப்பாக நிற்பதும் ஒன்றல்ல. விளக்கு எரிந்தும் சிக்னலே இல்லையென்றால் 9 வோல்ட் பக்கம் போங்கள்: முதலில் போர்டிலுள்ள 1.5 ஆம்பியர் ஃபியூஸ், பிறகு ரெகுலேட்டர்கள், கிளாக் (நேரத்துடிப்பு தரும் சுற்று), விக் ஐசி (படத்தை உருவாக்குவது). பழைய போர்டில் விக் ஐசியின் 13ஆம் காலில் 12 வோல்ட் இருக்க வேண்டும். சிக்னலோடு கறுப்பு என்றால் விக் உயிரோடு இருக்கிறது, பிராசஸர் நிரலை ஓட்டவில்லை என்று பொருள். பிஎல்ஏ (எந்த ஐசி எப்போது பேச வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது), மெமரி, கெர்னல் ரோம் (கணினியின் அடிப்படை நிரல் இருப்பது), ரீசெட் இவற்றில் ஒன்று. நீலத் திரை வந்து எழுத்து மட்டும் கிறுக்கலாக இருந்தால் எழுத்து ரோமைச் சந்தேகப்படுங்கள். எல்லாம் சரியாக வந்து, காலி மெமரி 38911 பைட் என்று காட்ட வேண்டிய இடத்தில் எண் குறைந்திருந்தால் மெமரிதான், அல்லது அதற்கு முகவரி கொடுக்கும் ஐசிகள்.

கறுப்பாக நிற்கும்போதே ஒரு சோதனை. கணினியின் பின்பக்க யூசர் போர்ட்டின் 1ஆம் முனை கிரவுண்ட், 3ஆம் முனை ரீசெட். இரண்டையும் ஒரு கணம் தொடுத்து விட்டால் நீலத் திரை வருகிறதா? வந்தால் ரீசெட் சுற்றில்தான் குறை. 556 டைமரையும் அதன் பக்கத்துக் கெப்பாசிட்டரையும் பாருங்கள். நான் முன்னால் சொன்ன விதிவிலக்கு இதுதான். ஆனால் கவனம்: நடுவில் நிற்கும் 2ஆம் முனை 5 வோல்ட். ஸ்குரூ டிரைவரைக் குறுக்கே வைத்தீர்களானால் அதையும் சேர்த்துத் தொடும். நுனி மட்டும் சீவிய உறை வயரால் செய்யுங்கள்.

சாக்கெட்டில் இருக்கும் ஐசிகள் சூடேறி ஆறி, மெல்ல மேலே எழும்பியிருக்கும். கால்களும் கறுத்திருக்கும். ஐசி லிஃப்டரால் இரு முனையிலும் மாறி மாறித் தூக்கி எடுத்து, கால்களை ஃபைபர் பேனாவால் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து மீண்டும் அழுத்துங்கள். கத்தியால் நெம்பாதீர்கள். விக், சிட் (ஒலி ஐசி), சிஐஏ (கீபோர்டு, ஜாய்ஸ்டிக்கைக் கவனிக்கும் ஐசி) எதுவும் நிலைமின்னைத் தாங்காது. கையை முதலில் கிரவுண்டில் தொட்டுவிட்டு வாருங்கள். ஜாய்ஸ்டிக் போர்ட்டின் முள்ளை வெறும் விரலால் தொட்டே சிஐஏவைக் கொன்றுவிடலாம்.

குளிர்ந்த நிலையில் எழுந்து, பத்து நிமிடத்தில் உறைந்தால் பிஎல்ஏ மீது முதல் சந்தேகம். போர்டில் அதன் பக்கத்தில் யூ17 என்று எழுதியிருக்கும். கூலிங் ஸ்ப்ரேயை ஒரு நேரத்தில் ஒரே ஐசி மேல் மட்டும் அடித்து, எதில் அடித்தால் உயிர் வருகிறது என்று பாருங்கள். பிஎல்ஏவும் விக்கும் சுடுவது இயல்பு, அதைப் பார்த்துப் பயந்து மாற்ற வேண்டாம். மெமரி ஐசி வெதுவெதுப்பாக மட்டுமே இருக்க வேண்டும். போட்ட இருபது விநாடியில் ஒன்று மட்டும் விரலைச் சுட்டால் அதுதான். சுடாமலும் செத்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க, மெமரியைச் சோதித்துத் திரையை மின்னவைக்கும் டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ் இருக்கிறது. எட்டு மெமரி ஐசி உள்ள போர்டில் திரை ஒரு தடவை மின்னினால் கெட்டது யூ12, எட்டுத் தடவை மின்னினால் யூ21. பிஎல்ஏவுக்குப் பதில் 27சி512 ஈப்ராம் (நாமே நிரல் எழுதிக்கொள்ளும் ரோம் ஐசி) போடலாம் என்று சிலர் சொல்வார்கள். சில போர்டில் ஓடும், சில போர்டில் நேரக்கணக்கு பிசகி இதே தடுமாற்றத்தைத் தானே உண்டாக்கும். போடாதீர்கள். 77இல் தொடங்கும் எண் கொண்ட, கொமடோரின் ஐசி நிறுவனமான மாஸே செய்த லாஜிக் ஐசிகள் இருந்தால் (7708 என்பது 74எல்எஸ்257) அவற்றையும் சந்தேகப் பட்டியலில் சேருங்கள்.

கார்ட்ரிட்ஜை ஆனில் இருக்கும்போது செருகவோ உருவவோ கூடாது. எழவில்லை என்று படபடவென்று ஆன் ஆஃப் தட்டாதீர்கள். குறைந்தது பத்து விநாடி விடுங்கள். பழைய 6581 சிட் 12 வோல்ட், புதிய 8580 சிட் 9 வோல்ட். மாற்றிப் போட்டு அரிய ஐசியை இழக்காதீர்கள்.

பழுது பார்க்கக் கொடுப்பதானால் கணினியோடு அடாப்டரையும் சேர்த்துக் கொடுங்கள். போர்டை மட்டும் கொடுத்து, சரியானதும் வீட்டில் போய் அதே பழைய அடாப்டரில் செருகுகிறார்கள். எத்தனை நிமிடம் கழித்து நின்றது, திரை கறுப்பா சிக்னலே இல்லையா, விளக்கு மங்கியதா என்று மூன்று வரி எழுதி உள்ளே வையுங்கள். பாதி வேலை அதிலேயே முடியும்.