மாரடைப்புக்குப் பிறகு எக்கோ: எந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது?

அடைபட்ட இதய இரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து வீடு திரும்பியவர்கள் கிளினிக்கில் முதலில் கேட்பது, "ஈ.எஃப். எத்தனை?" என்றுதான். இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் இரத்தத்தில் எத்தனை வீதம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளப்படுகிறது என்பதே அந்த எண். ஒலியலையால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ சோதனையில்தான் அதை அளக்கிறோம். 100 யாருக்கும் வராது. 55க்கு மேல் இருந்தால் நல்லது. பரீட்சைப் புள்ளி போல நினைத்து 58ஐப் பார்த்து மனம் உடைந்துபோக வேண்டாம்.

வோர்ட்டில் இருக்கும்போது எடுத்த முதல் எக்கோவை வைத்து எதிர்காலத்தைக் கணிக்கவும் வேண்டாம். அடைப்பு நீங்கி இரத்தம் ஓடத் தொடங்கிய பிறகும் தசை சில நாட்கள், சிலருக்குச் சில வாரங்கள்கூட மரத்துப்போய்க் கிடக்கும். அது செத்த தசை அல்ல, மீளக்கூடியது. அதனால்தான் ஈ.எஃப். குறைந்தவர்களுக்கு ஐ.சி.டி. கருவி (ஆபத்தான துடிப்புக் கோளாறு வந்தால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய உடலுக்குள் வைப்பது) தேவையா என்று தீர்மானிக்க, மாரடைப்பிலிருந்து குறைந்தது 40 நாட்களும், ஸ்டென்ட் அல்லது பைபாஸ் செய்திருந்தால் 3 மாதங்களும் பொறுத்து மீண்டும் எக்கோ எடுக்கிறோம். குளிசைகளை ஒழுங்காக எடுத்தும் 35 அல்லது அதற்குக் கீழேயே நின்றால்தான் அந்தப் பேச்சு வரும். இரண்டாவது வாரமே பயத்தில் பணம் கட்டி எடுக்கும் எக்கோ பெரும்பாலும் குழப்பத்தைத்தான் கூட்டும்.

அளவெடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். இடப்பக்கம் சரிந்து படுக்கவைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, இரண்டு கோணங்களில் கீழறையின் உட்சுவரை வரைந்து கணக்கிடுவார்கள். கோணம் சற்றுப் பிசகினால் இதயத்தின் நுனி படத்தில் விழாது. முன்பக்க மாரடைப்பில் அடிபடுவதே அந்த நுனிதான். அது விடுபட்டால் ஈ.எஃப். உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். சில இடங்களில் கண்மதிப்பாகவே எண்ணை எழுதுவதும் உண்டு. ஆகவே 42, 46 ஆனதை முன்னேற்றம் என்றோ, 46, 42 ஆனதைச் சரிவு என்றோ உடனே சொல்லிவிட முடியாது.

கொழும்பில் பலர் மருந்தை அரச கிளினிக்கிலும் எக்கோவைத் தனியாரிடமும் எடுக்கிறார்கள். தவறில்லை. ஆனால் டயக்னோசிஸ் கார்டையும் பழைய எக்கோ ரிப்போர்ட்டையும் கட்டாயம் கொண்டுபோங்கள், முடிந்தால் ஒரே இடத்திலேயே எடுங்கள். ஈ.எஃப். மாறாமலே கீழறை பெருத்துக்கொண்டு போகலாம். அது நல்ல அறிகுறி அல்ல. பழைய அளவு கையில் இல்லாவிட்டால் யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

முன்பக்க மாரடைப்புக்குப் பின் அசையாத நுனியில் இரத்தக்கட்டி உருவாகலாம். பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில். கட்டி இருந்தால் வழக்கமாக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தைச் சுமார் 3 மாதங்கள் கொடுத்து, மறுபடி எக்கோ பார்த்துத்தான் நிறுத்துவோம். தானாக நிறுத்துபவருக்குக் கட்டி உடைந்து மூளைக்குப் போகும் ஆபத்து உண்டு.

தசை உயிரோடு இருக்கிறதா என்ற சந்தேகம் தீராவிட்டால் எம்.ஆர்.ஐ. உதவும். கடோலினியம் என்ற சாயமருந்தை ஊசியால் ஏற்றிச் சில நிமிடங்கள் கழித்து எடுக்கும் படத்தில் தழும்பு வெள்ளையாகத் தெரியும். சுவரின் தடிப்பில் பாதிக்கு மேல் வெள்ளை என்றால் அந்தப் பகுதி மீள்வது கடினம். ஸ்டென்ட் இதற்குத் தடையில்லை. சிறுநீரக வருத்தம் இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

எக்கோ ஸ்டென்ட்டின் உள்ளே பார்ப்பதில்லை. நேற்றைய எக்கோ நன்றாக இருந்தாலும், இன்று நெஞ்சு இறுகி வியர்த்தால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.