வெளிச்சம் போதும் என்று பிளாஷுக்கு எப்படித் தெரிகிறது?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “அப்பா வைத்திருந்த பழைய 50 மி.மீ. லென்ஸை அடாப்டர் போட்டு என் டிஜிட்டல் கேமராவில் மாட்டியிருக்கிறேன். பகல் வெளிச்சத்தில் படங்கள் அருமையாக வருகின்றன. பிளாஷ் போட்டால்தான் வம்பு. ஒரு படம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போகிறது, அடுத்தது இருண்டு கிடக்கிறது. கோளாறு லென்ஸிலா, பிளாஷிலா?”

இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன. ஒன்றின் நிலைமை மற்றொன்றுக்குத் தெரியவில்லை, சிக்கல் அங்கேதான். இதற்கான வழி 1960களிலேயே பிறந்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த மின்னணுச் சுற்றுகளில் அதுவும் ஒன்று என்பதால், கேட்டதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே பதில் சொல்லப் போகிறேன்.

இன்றைய லென்ஸைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். வளைவான ஒரு வரிசையில் தங்க நிறப் புள்ளிகள் இருக்கும். குவியத்தூரம் என்ன, ஒளி நுழையும் துளையான அப்பர்ச்சர் எவ்வளவு என்பதையெல்லாம் கேமரா அந்தப் புள்ளிகள் வழியாகத்தான் லென்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. பழைய மேனுவல் லென்ஸில் அவை கிடையாது. வளையத்தைக் கையால் திருகினால் உள்ளே தகடுகள் விரியும், சுருங்கும், அவ்வளவே. கேமராவைப் பொறுத்தவரை முன்னால் லென்ஸே இல்லை. பல மிரர்லெஸ் கேமராக்களில், லென்ஸ் இல்லாவிட்டாலும் ஷட்டர் இயங்கட்டும் என்று மெனுவில் அனுமதி கொடுத்த பிறகுதான் படமே எடுக்க முடியும்.

இப்போது விற்கும் பிளாஷ்களில் பெரும்பாலானவை டிடிஎல் முறையில் இயங்குபவை. லென்ஸ் வழியாக வரும் ஒளியைக் கேமராவே அளந்து பிளாஷுக்கு உத்தரவு போடும் முறை அது. ஷட்டர் திறப்பதற்குச் சற்று முன்னால் பிளாஷ் ஒரு முறை லேசாக மின்னும். பட்டுத் திரும்பும் அந்த ஒளியைக் கேமரா அளக்கும். எஸ்எல்ஆர் கேமராவில் அந்த நேரத்தில் லென்ஸ் முழுக்கத் திறந்திருக்கும். படம் பதியும்போது எஃப்/8க்குச் சுருங்கப் போகிறது என்றால் (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறியது), அதனால் குறையப் போகும் ஒளியையும் சேர்த்துக் கணக்குப் போடும். மேனுவல் லென்ஸோ முதலிலிருந்தே எஃப்/8இல் சுருங்கி நிற்கிறது. கேமராவுக்கு அது தெரியாது. சில கேமராக்கள் எப்படியோ சமாளித்துவிடும். சிலவற்றில் லென்ஸ் விவரத்தை நாமே பதிந்துவைக்க இடம் உண்டு. மற்றவை தப்புக் கணக்கோடு மின்னும்; வாசகருக்கு வாய்த்த கேமரா இந்த ரகம் என்று நினைக்கிறேன்.

ஃபிலிம் காலத்து டிடிஎல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1975இல் வந்த ஒலிம்பஸ் ஓஎம்-2 கேமராவில் ஒளியை அளக்கும் உணரி ஃபிலிமைப் பார்த்தபடி உள்ளே உட்கார்ந்திருக்கும். ஷட்டர் திறந்திருக்கும்போதே, ஃபிலிம் மேல் விழுந்து தெறிக்கும் ஒளியை அளந்து, போதுமானதும் பிளாஷை அணைத்துவிடும். உள்ளே வந்துவிட்ட ஒளியைத்தானே அளக்கிறது, எந்த லென்ஸாக இருந்தால் அதற்கென்ன? ஆனால் ஃபிலிமின் பரப்பு மங்கலானது, ஒளியை ஓரளவு சீராகச் சிதறடிக்கும். டிஜிட்டல் சென்சாரின் மேலுள்ள கண்ணாடி வடிகட்டிகள் பளபளப்பானவை, அவை தெறிக்கவிடும் விதமே வேறு. அந்த முறை டிஜிட்டலில் ஏறக்குறைய கைவிடப்பட்டது. அவ்வளவு நேர்மையான ஓர் அளவுமுறை போய்விட்டதில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

நல்லவேளையாக, கேமராவையும் லென்ஸையும் எதுவுமே கேட்காத பிளாஷ் ஒன்று உண்டு. பழைய ஆட்டோ பிளாஷின் முன்பக்கத்தில், விளக்குக்குக் கீழே, பட்டாணி அளவில் ஒரு துளை இருக்கும். அதுதான் அதன் கண். 1960களின் நடுவில் அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனம் இந்தக் கண்ணோடு கூடிய ஆட்டோ ஸ்ட்ரோபோனார் பிளாஷை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு பல நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

பிளாஷ் எரிவதே ஒரு தனிக் கதை, அதை வேகமாகக் கடந்துவிடுகிறேன். உள்ளே மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் ஒரு பெரிய கெப்பாசிட்டர் சுமார் 330 வோல்ட்டுக்கு மின்னேற்றப்பட்டிருக்கும். அதன் கொள்ளளவு 1000 மைக்ரோஃபாரட் என்றால், பள்ளியில் படித்த சூத்திரப்படி 54 ஜூல் ஆற்றல். செனான் வாயு அடைத்த குழாயின் இரு முனைகளிலும் அந்த மின்னழுத்தம் காத்திருக்கும். வாயு மின்சாரத்தைக் கடத்தாது. ஷட்டர் முழுதாகத் திறந்ததும் கேமரா ஒரு சுவிட்சை மூடும். ஒரு சிறு சுருள் சில ஆயிரம் வோல்ட்டைக் குழாயின் மேல் செலுத்த, வாயு அயனியாகி வழிவிடும். தேங்கியிருந்த மின்னேற்றம் மொத்தமும் குழாய் வழியாகக் கொட்டும். முழுதாகக் கொட்டித் தீர ஏறக்குறைய 1/1000 விநாடி.

இனி நிதானமாகப் போவோம். அந்த 1/1000 விநாடிக்குள் நடப்பதுதான் அழகு.

ஒளி ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. போகும். 3 மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவரின் முகத்தில் பட்டுத் திரும்பிவர 20 நானோ விநாடி போதும். பிளாஷ் எரியும் 1/1000 விநாடி என்பது பத்து லட்சம் நானோ விநாடி. அந்த நேரத்துக்குள் ஒளி அந்த முகத்துக்கு 50,000 முறை போய்வந்துவிடலாம். நமக்கு ‘பளிச்’ என்று ஒரு கணம். சுற்றுக்கோ, தான் எரிந்துகொண்டிருக்கும்போதே தன் வெளிச்சம் எங்கே எவ்வளவு விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கத் தாராளமான அவகாசம்.

கண்ணுக்குள் இருப்பது ஓர் ஒளி உணரி. திரும்பி வரும் ஒளிக்கு ஏற்ப அதில் மின்னோட்டம் பிறக்கும். அந்த மின்னோட்டம் ஒரு குட்டிக் கெப்பாசிட்டரில் போய்ச் சேரும். குழாயடியில் வைத்த குடம் மாதிரி. தண்ணீர் வேகமாக வந்தாலும் மெதுவாக வந்தாலும், குடம் எப்போது நிறைகிறது என்பதே கேள்வி. கேமராவின் சென்சாரிலும் படம் இப்படித்தான் பதிகிறது. அங்கேயும் சேர்ந்த மொத்த ஒளிதான் கணக்கு. குட்டிக் கெப்பாசிட்டரின் மின்னழுத்தம் குறித்த அளவைத் தொட்டதும் சுற்று ‘போதும், நிறுத்து’ என்று சொல்லும். குடம் வைக்கப்படுவதே பிளாஷ் எரியத் தொடங்கும் கணத்தில்தான். ஆகவே அறையின் மற்ற விளக்குகள் அந்தக் கண்ணை ஏமாற்ற நேரம் கிடைப்பதில்லை.

நிறுத்துவது எப்படி? தொடக்ககாலத்தில் செய்தது முரட்டு வழி. பிளாஷ் குழாய்க்கு இணையாக, வெளிச்சம் வெளியே வராதபடி மூடிய இன்னொரு குழாய் இருக்கும். உத்தரவு வந்ததும் அது பற்றிக்கொள்ளும். அதில் மின்தடை குறைவு என்பதால் மிச்ச மின்னேற்றம் அந்தப் பக்கம் பாய்ந்து வீணாகும். அரை மீட்டரில் படமெடுத்தாலும் ஐந்து மீட்டரில் எடுத்தாலும் பேட்டரிக்கு ஒரே செலவு.

பிறகு வந்தது தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்ச். அந்தப் பெயருக்குள் கதவைக் குறிக்கும் கிரேக்கச் சொல் ஒளிந்திருக்கிறது. பொருத்தமான பெயர். ஆனால் பிடிவாதமான கதவு. ஒரு தடவை திறந்துவிட்டால், ஓடும் மின்னோட்டம் நிற்கும்வரை மூடாது. எரியும் பிளாஷை நடுவில் அணைக்க வேண்டிய இடத்தில் இப்படி ஒரு கதவை வைத்து என்ன செய்வது? பொறியாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். தனியாக இன்னொரு கெப்பாசிட்டரை மின்னேற்றித் தயாராக வைத்தார்கள். ‘போதும்’ என்ற உத்தரவு வந்ததும் இரண்டாவது தைரிஸ்டர் ஒன்று திறக்கும். அந்தக் கெப்பாசிட்டர் முதல் கதவில் எதிர்த்திசையில் மோதும். அங்கே மின்னோட்டம் ஒரு நொடித்துளி பூஜ்யமாகும். கதவு சாத்திக்கொள்ளும். பெரிய கெப்பாசிட்டரில் மிச்சமிருந்த மின்னேற்றம் அப்படியே அடுத்த படத்துக்குப் பத்திரமாக இருக்கும். இன்றைய பிளாஷ்களில் நினைத்த நேரத்தில் மூடக்கூடிய ஐஜிபிடி என்ற டிரான்சிஸ்டர் இந்த வேலையைச் சுலபமாகச் செய்துவிடுகிறது. என் மனம் என்னவோ அந்த எதிர்மோதல் தந்திரத்திடமே போகிறது.

இதை நீங்களே காதால் கேட்கலாம். தைரிஸ்டர் பிளாஷ் ஒன்றை எடுத்து, யார் கண்ணையும் பார்க்காதபடி திருப்பி, அதன் கண்ணை விரலால் பொத்திக்கொண்டு சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். ‘டொப்’ என்று முழு வீச்சில் வெடிக்கும். தயார் விளக்கு அணையும். மின்னேற்றும் ‘வீஈஈ’ சத்தம் சில விநாடிகள் இழுக்கும். இப்போது விரலை எடுத்துவிட்டு, ஒரு முழம் தள்ளி வெள்ளைத் தாளைப் பிடித்து மறுபடி அழுத்துங்கள். மெல்லிய ‘டிக்’ மட்டும். தயார் விளக்கு அணைவதே இல்லை. இரண்டு சத்தங்களுக்கும் உள்ள வித்தியாசம், அந்தக் கதவு சாத்தி மிச்சம்பிடித்த மின்னேற்றம்.

கிட்டத்தில் எடுக்கும்போது பிளாஷ் 1/20,000 விநாடிக்கும் குறைவாக எரிந்து அணைவதுண்டு. சொட்டும் நீர்த்துளியை உறைய வைப்பது ஷட்டர் இல்லை, இந்தக் குறுகிய மின்னல். இந்த மின்னலுக்கு வழிபோட்டவர் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் இருந்த ஹரால்ட் எட்ஜர்டன். சுழலும் மின்மோட்டாரை நின்றது போலப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் விட்டுவிட்டு மின்னும் விளக்கைக் கையிலெடுத்தார். மோட்டார் ஆய்வு ஒன்று புகைப்படக்கலையை மாற்றும் என்று எந்த நிதி விண்ணப்பத்திலும் யாரும் எழுதியிருக்க முடியாது. ‘இதனால் உடனடிப் பயன் என்ன’ என்று கேட்டு ஆராய்ச்சிக்குப் பணம் மறுப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆழ்ந்த கருத்து.

இப்போது மேனுவல் லென்ஸுக்கு வருவோம். குடம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பது அப்பர்ச்சரைப் பொறுத்தது. எஃப்/4ஐ விட எஃப்/8க்கு நாலு மடங்கு ஒளி வேண்டும். பிளாஷின் பின்புறத்து டயலில், கேமராவின் ஒளி உணர்திறனைச் சொல்லும் ஐஎஸ்ஓவையும் எஃப் எண்ணையும் காட்டினால் குடத்தின் அளவு மாறும். லென்ஸ் வளையத்திலும் அதே எஃப் எண்ணை வையுங்கள். அவ்வளவுதான் விஷயம். லென்ஸுக்கும் பிளாஷுக்கும் நடுவே தூது போக மின்தொடுப்பு தேவையில்லை, உங்கள் விரல்களே போதும்.

தூரத்தைப் பிளாஷ் தானாகச் சமாளிக்கும், அதன் சக்திக்கு உட்பட்ட வரையில். பிளாஷின் சக்தியைச் சொல்லும் கைடு நம்பர் 32 என்றால் ஐஎஸ்ஓ 100இல் எஃப்/8 வைத்து 4 மீட்டர் வரை எட்டும். எண்ணை எண்ணால் வகுத்தால் போதும். தூரம் இரட்டித்தால் ஒளி கால்பங்காகிறது. எஃப் எண் பாதியானால் துளையின் விட்டம் இரட்டித்து, பரப்பு நாலு மடங்காகிறது. இரண்டு வர்க்கங்களும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால்தான் இவ்வளவு எளிய வகுத்தல் கிடைக்கிறது. அதே ஆள் 1 மீட்டருக்கு வந்துவிட்டால் பதினாறில் ஒரு பங்கு ஒளி போதும், கண் அதைப் பார்த்து முன்னதாகவே நிறுத்திவிடும். மிக அருகில் போனால் மட்டும், கதவு சாத்துவதற்கு ஆகும் சில மைக்ரோ விநாடியே அதிகமாகிப் படம் வெளுக்கும்.

அந்தக் கண்ணுக்குத் தெரியாதவையும் உண்டு. லென்ஸில் நீங்கள் மாட்டிய ஃபில்டர் தின்னும் ஒளி அதற்குத் தெரியாது. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் குழாய் போட்டு 1:1 அளவில் பூச்சியைப் படமெடுத்தால் எஃப்/8 என்பது நடைமுறையில் எஃப்/16 ஆகிவிடும், அதுவும் தெரியாது. டயலில் எஃப்/16 என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கறுப்புச் சட்டைக்காரர் சட்டகம் நிறைய நின்றால் குடம் மெதுவாக நிறைந்து முகம் வெளுக்கும், வெள்ளைச் சுவர் பின்னால் ஒட்டியிருந்தால் முகம் இருளும். எல்லா அளவிகளுக்கும் உள்ள பலவீனம்தான் இது. அப்பர்ச்சரை ஒரு ஸ்டாப், அதாவது ஒளி இரட்டிக்கும் அல்லது பாதியாகும் ஒரு படி, முன்பின் தள்ளினால் சரியாகிவிடும். பகலில் நிழலை லேசாக நிரப்ப மட்டும் வேண்டுமானால், லென்ஸை எஃப்/8இல் வைத்துக்கொண்டு பிளாஷிடம் எஃப்/5.6 என்று சொல்லுங்கள். பாதி ஒளியோடு நின்றுகொள்ளும்.

பழைய பிளாஷை டிஜிட்டல் கேமராவின் தலையில் மாட்டுவதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். பழைய ஃபிலிம் கேமராவில் பிளாஷைத் தூண்டியது உலோகத் தொடுப்பு, எவ்வளவு வோல்ட்டையும் தாங்கியது. இன்றைய கேமராவில் அங்கே இருப்பது மென்மையான மின்னணு சுவிட்ச். சில பழைய பிளாஷ்களின் அடிப்பாகத் தொடுப்பில் 200 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும். பேட்டரி போட்டு, தயார் விளக்கு எரிந்ததும், மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை அடியின் நடுப்புள்ளியிலும் மறுமுனையைப் பக்கவாட்டு உலோகத்திலும் தொடுங்கள். ஐந்தாறு வோல்ட் காட்டினால் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் உங்கள் கேமராவின் கையேட்டில் உள்ள வரம்பைப் பார்க்காமல் மாட்டாதீர்கள். பிளாஷைத் திறந்து பார்க்கும் ஆசை மட்டும் வேண்டவே வேண்டாம். அணைத்து நெடுநேரம் ஆன பிறகும் ஆபத்தான மின்னழுத்தம் உள்ளே காத்திருக்கலாம்.

பிறகு கேமராவை எம் (மேனுவல்) நிலையில் வைத்து, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 200, லென்ஸ் எஃப்/5.6 என்று தொடங்கலாம். பல கேமராக்களில் 1/200 அல்லது 1/250க்கு மேல் போனால் ஷட்டர் திரை பாதி மறைத்துப் படத்தில் கறுப்புப் பட்டை விழும். முதல் படம் வந்ததும் பிளாஷின் தலையை மட்டும் கூரையை நோக்கித் திருப்பிப் பாருங்கள். பல பிளாஷ்களில் கண் அடிப்பாகத்தில் இருப்பதால், தலை எங்கே திரும்பினாலும் அது எதிரே இருக்கும் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும். ஒளி கூரைக்குப் போய், பரவி, முகத்தில் இறங்கி, மிச்சம் மீதியாகக் கண்ணுக்கு வந்து சேரும். குடம் மெதுவாக நிறையும், பிளாஷ் அந்த அளவுக்குக் கூடுதல் நேரம் எரியும். நீங்கள் லென்ஸ் வளையத்தைத் தொடவே வேண்டாம்.