எமுலேட்டர் போலி அன்று, ஒத்தியங்கி

பழைய வீட்டுக் கணினிகளை இன்றைய மடிக்கணினியில் இயக்க வழிகாட்டும் தமிழ்க் குறிப்புகளில் எமுலேட்டர், அதாவது ஒரு கணினியைப் போலவே இயங்கி அதன் நிரல்களை வேறொரு கணினியில் ஓட்டும் மென்பொருள், ‘போலி’ ஆகிறது, ‘போலிக் கணினி’ ஆகிறது. கொஞ்சம் மெனக்கெடுபவர்கள் ‘உருவகப்படுத்தி’ என்கிறார்கள். ‘முன்மாதிரி’ என்போரும் உண்டு. இவற்றுள் ஒன்றுகூட அந்த மென்பொருள் செய்யும் வேலையைச் சொல்லவில்லை.

வேர் லத்தீன். ‘ஏமுலஸ்’ என்றால் போட்டியாளன். ஒருவனோடு போட்டியிட்டு அவனுக்கு ஈடாவது அதன் வினை. ‘சிமிலிஸ்’ என்றால் போன்றது. சிமுலேட்டர் அதிலிருந்து வந்தது. கணினித் துறைக்குள் எமுலேட்டரைக் கொண்டுவந்தது 1960களின் ஐபிஎம். 1964இல் சிஸ்டம்/360 வரிசை அறிவிக்கப்பட்டபோது வாடிக்கையாளர்களிடம் 1401 போன்ற பழைய கணினிகளுக்கு எழுதிய நிரல்கள் குவிந்து கிடந்தன. அவற்றைத் திருத்தாமல் புதிய கணினியில் ஓட்ட, பழைய ஆணைகளைப் புரிந்துகொள்ளும் நுண்நிரலை வன்பொருளுக்குள்ளேயே வைத்தார்கள். அந்த ஏற்பாடுதான் எமுலேட்டர். மென்பொருளால் மட்டும் செய்வதை அன்று சிமுலேட்டர் என்றார்கள். அந்தக் கோடு பின்னர் அழிந்துவிட்டது, ஆனால் பொருள் நிலைத்தது: பழைய நிரல் எழுத்து மாறாமல் ஓட வேண்டும், அதே விடையைத் தர வேண்டும்.

‘முன்மாதிரி’யை ஒரு வரியில் தள்ளிவிடலாம். அசல் கணினி வந்து பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்படும் ஒன்றுக்கு ‘முன்’ எங்கிருந்து வரும்? ‘உருவகப்படுத்தி’க்கும் அதிகம் சொல்லத் தேவையில்லை. ‘தாமரை போன்ற முகம்’ உவமை, ‘முகத்தாமரை’ உருவகம். அணி இலக்கணத்தில் நன்றாக வாழும் சொல்லை நுண்செயலியின் தலையில் ஏற்ற வேண்டாம். விமானப் பயிற்சிக் கூண்டுக்கு அதை வைத்துக்கொள்ளலாம். அங்கே யாரும் ஊர் போய்ச் சேர்வதில்லை. எமுலேட்டரில் நிரல் உண்மையாகவே ஓடுகிறது.

‘போலி’யை அப்படி எளிதில் ஒதுக்க முடியாது, ஏனென்றால் அதற்கு ஒரு நல்ல வழக்கு இருக்கிறது. இலக்கணத்தில் போலி என்பது ஏமாற்று அன்று. பந்தல் பந்தராகும், சாம்பல் சாம்பராகும், ஐந்து அஞ்சாகும். எழுத்து மாறியும் பொருள் மாறாது. வன்பொருள் மாறியும் நிரலின் விளைவு மாறாத எமுலேட்டருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் ஒரு சொல் இன்று எந்தப் பொருளில் புழங்குகிறதோ அந்தப் பொருளில்தான் வாசகர் அதைப் படிப்பார். போலி மருத்துவர், போலிச் சான்றிதழ், போலிக் கணக்கு என்று பழகிய கண்ணுக்கு ‘போலியைத் தரவிறக்கி நிறுவவும்’ என்ற வரி எச்சரிக்கையாகத்தான் தெரியும். துணிந்து நிறுவியவரும் ‘போலிதானே, எல்லாம் தோராயமாகத்தான் இருக்கும்’ என்று எண்ணிக்கொண்டு அமைப்புகளைத் தொடுவார். கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது.

காமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியை எடுத்துக்கொள்வோம். அதற்கு வைஸ் என்ற மென்பொருள் தொகுப்பு இருக்கிறது. அதில் எக்ஸ்64எஸ்சி என்ற நிரல் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பையும் பின்பற்றி இயங்கும். புதியவர் அதைத்தான் திறக்க வேண்டும். திரையில் 38911 பேசிக் பைட்டுகள் மீதம் என்ற வரியும் ‘ரெடி’யும் வந்தால் ரோம் கோப்புகள், அதாவது அசல் கணினியின் சில்லுகளில் நிரந்தரமாகப் பதிந்திருந்தவற்றின் நகல்கள், சரியாக அமர்ந்திருக்கின்றன. சில லினக்ஸ் பொதிகளில் உரிமச் சிக்கலால் அந்தக் கோப்புகளை எடுத்துவிட்டிருப்பார்கள். அப்போது நிரல் தொடங்கவே தொடங்காது. கெர்னல் என்ற அடிப்படை இயக்க நிரல் 8 கிலோபைட், பேசிக் மொழி 8 கிலோபைட், எழுத்துரு 4 கிலோபைட், இந்த மூன்றோடு வட்டு இயக்கியின் 16 கிலோபைட் ரோமும் வேண்டும்.

அடுத்து வட்டு. ஒரு வட்டின் உள்ளடக்கம் முழுவதையும் கொண்ட டி64 கோப்பை எட்டாம் எண் இயக்கியில் இணைத்து, லோட்"*",8,1 என்று தட்டி, ‘ரெடி’ வந்ததும் ரன் கொடுக்க வேண்டும். மேற்கோள் குறி வரவில்லை என்றால் விசைப்பலகை இட அடிப்படையில், அதாவது அசல் கணினியின் விசை இடங்களின்படி, அமைந்திருக்கிறது என்று பொருள். ஷிஃப்டும் 2உம் சேர்த்து அழுத்தினால் வரும். பொறுமையில்லாதவர் இந்த இடத்தில் வேகத்துக்காக, வட்டு இயக்கியையும் முழுமையாக ஒத்து இயக்கும் ‘மெய்யான இயக்கி’ அமைப்பை அணைத்துவிடுவார். காமடோர் 64இன் 1541 வட்டு இயக்கி வெறும் பெட்டி அன்று. அதற்குள் தனி 6502 நுண்செயலியும் 2 கிலோபைட் நினைவகமும் உண்டு, ஏற்றத்தை வேகப்படுத்தும் விரைவு ஏற்றிகள் தங்கள் சொந்த நிரலை அதற்குள் அனுப்பி ஓட்டுகின்றன. அமைப்பு அணைந்திருந்தால் அந்த நிரல் ஓட இடமே இல்லை. பாதி ஏற்றத்தில் திரை உறைந்துவிடும். கோப்பு பழுது என்று வேறு கோப்பைத் தேடிப் போவார்கள். அமைப்பை அணைக்காமல், வைஸில் ஆல்ட்டும் டபிள்யூவும் அழுத்தினால் கணினி முழுவதுமே வேகமெடுக்கும், ஏற்றம் முடிந்ததும் மறுபடி அழுத்திக்கொள்ளலாம். பால், என்டிஎஸ்சி என்ற இரு தொலைக்காட்சி முறைகளுக்கு இடையிலான தேர்வும் இப்படித்தான். நொடிக்கு 50 சட்டகத்துக்கு எழுதிய விளையாட்டை 60இல் ஓட்டினால் இசை ஐந்தில் ஒரு பங்கு வேகமாகப் போகும்.

ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு பழைய வீட்டுக் கணினியிலும் இதே பாடம். 48கே கணினியில் லோட் என்று எழுத்து எழுத்தாகத் தட்ட முடியாது. ‘எல்’ விசையை அழுத்தியதுமே ‘லெட்’ என்ற முழுச் சொல் வந்து விழும். ‘ஜே’ அழுத்தினால்தான் லோட். அதற்கான ஃபியூஸ் என்ற எமுலேட்டரில் கன்ட்ரோல் விசையோடு ‘பி’யை இரண்டு முறை அழுத்தினால் இரண்டு மேற்கோள் குறிகளும் வரும். இதைப் பிழை என்று புகார் சொல்பவர்கள் உண்டு. பிழையன்று, அசல் கணினி அப்படித்தான் நடந்துகொண்டது.

ஆகவே பெயர் இயக்கத்தைச் சொல்ல வேண்டும். தானியங்கி நம் வாயில் பழகிய சொல். அதே அச்சில் ‘ஒத்தியங்கி’: அசலை ஒத்து இயங்குவது. ஒத்தியங்கு என்ற வினையும் ஒத்தியக்கம் என்ற பெயரும் தாமாகவே கிடைக்கின்றன. ‘போலி’யிலிருந்து அப்படி ஒரு வினையைச் செய்து பாருங்கள். ‘நிகர்ப்பொறி’ என்பதும் அழகான ஆக்கம்தான், ஆனால் ‘மெய்நிகர்’ வேறொரு பொருளுக்குப் போய்விட்டது, இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குழப்பும். எமுலேட்டர் என்றே எழுதுபவரோடு சண்டையில்லை. தவறான தமிழ்ச் சொல்லைவிடச் சரியாகப் புரியும் கடன்சொல் மேல்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை மட்டும் திறக்கிறார்கள், மென்பொருளைத் திறப்பதில்லை. அதனால்தான் ‘வட்டுப் படம்’ என்ற சொல்லும் உலவுகிறது. அதைப் படித்தவர் டி64 கோப்பைப் படம் பார்க்கும் செயலியில் திறக்க முயல்வார். அது ‘வட்டுப் படிமம்’: 683 பிரிவுகள், பிரிவுக்கு 256 பைட், மொத்தம் 174848. பிழைத் தகவல் சேர்க்காத 35 தடக் கோப்பின் அளவு இந்த எண்ணுக்குக் குறைந்தால் தரவிறக்கம் பாதியில் நின்றிருக்கிறது. அதேபோல, ஓடும் கணினியின் நினைவகத்தையும் பதிவகங்களையும் அப்படியே சேமிக்கும் கோப்பைப் ‘புகைப்படம்’ என்கிறார்கள். ‘நிலைப்பதிவு’ என்றால் போதும். அதைத் திறந்தால் விட்ட இடத்திலிருந்து கணினி தொடரும் என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.